யானைக்கும் டப்ளினுக்கும் என்ன சம்பந்தம்?
பிரிட்டிஷ் படைக்கலச் சேகரிப்பு குறித்துச் சில குறிப்புகள்

அயர்லாந்தில் புலி கிடையாது; யானையும் கிடையாது. ஆனால் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்கிற ஐரிஷ் படைப்பிரிவின் தொப்பிச் சின்னத்தில் இரண்டும் இருக்கின்றன. தீக்கொழுந்து விட்டெரியும் ஒரு வெடிகுண்டு, அந்தக் குண்டின் வயிற்றில் புலியும் யானையும், கீழே பட்டையில் படைப்பிரிவின் பெயர். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். பிரிட்டிஷ் ராணுவப் பழம்பொருள்களைச் சேகரிக்கிறவர்களிடம் இதற்கு நல்ல கிராக்கி. காரணம் எளிது. 1922இல் ஐரிஷ் சுதந்திர அரசு உருவானபோது இந்தப் படைப்பிரிவு வேறு சில ஐரிஷ் படைப்பிரிவுகளோடு சேர்த்துக் கலைக்கப்பட்டது. அசல் சின்னம் இனிப் புதிதாக ஒன்றும் பிறக்கப்போவதில்லை. செத்துப்போனவற்றின் மீதுதான் சேகரிப்பவனின் காதல்.

விலங்குகள் எங்கிருந்து வந்தன? 1881இல் பிரிட்டிஷ் ராணுவத்தைச் சீரமைத்தபோது 102ஆவது ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், 103ஆவது ராயல் பம்பாய் ஃப்யூசிலியர்ஸ் ஆகிய இரண்டையும் இணைத்து டப்ளின் பேரைச் சூட்டினார்கள். இரண்டுமே கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படைகள். மெட்ராஸ் படையை 1748இல் ஒழுங்குபடுத்தியவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ். படைப்பிரிவுக்கு முறையாக வழங்கப்பட்ட சின்னங்களில் புலிக்கு மேலே 'பிளாசி', 'பக்சார்' என்றும், யானைக்கு மேலே 'கர்நாடிக்', 'மைசூர்' என்றும் எழுதவேண்டும். கர்நாடிக் என்றால் வேறெங்கோ இல்லை. ஆற்காடு, வந்தவாசி, திருச்சிராப்பள்ளி. ஆக, 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் தெருக்களில் சொந்த ஊர்க்காரர்களுக்கு எதிராக இறக்கிவிடப்பட்ட டப்ளின் ஃப்யூசிலியர் தன் சின்னத்தில் ஏந்தியிருந்தது நம்முடைய வயல்வெளிகளில் கம்பெனி ஜெயித்த கதையை. ஒரு காலனியின் மக்கள் இன்னொரு காலனியின் தோல்வியைத் தலையில் சூடிக்கொண்டு தங்கள் தெருவிலேயே சுட்டுக்கொள்கிறார்கள். இந்த அபத்தத்தை விளக்க எந்தத் தத்துவ மேற்கோளும் வேண்டியதில்லை, சின்னமே போதும்.

ஆனால் சின்னத்தைச் சேகரிப்பவர்கள் அதை இப்படிப் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பது வருஷமாகத் தொப்பிச் சின்னங்கள் சேர்க்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்ளின் சின்னத்தை என் கையில் கொடுத்தார். நான் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முன்பக்கம் யார் வேணாலும் பார்ப்பான் சார், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க" என்றார். பின்பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறதாம். பழைய சின்னங்களில் இரண்டு வளையக் காதுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து தொப்பியில் செருகுவதற்கு நீள உலோக நாக்கு ஒன்று வந்தது. அசலில் முன்பக்கத்தின் மேடுபள்ளம் பின்பக்கத்தில் தலைகீழாகத் துல்லியமாகத் தெரியும், போலியில் மழுங்கியிருக்கும். பழைய அச்சையே எடுத்துப் பிற்காலத்தில் அடித்த மறுபதிப்புகளும் உண்டு. அவற்றைப் போலி என்பதா அசல் என்பதா என்பது இவர்களுக்குள் தீராத சண்டை. அச்சு அசல், உலோகம் அசல், காலம் மட்டும் பொய்! நமது ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்களின் பாடபேதச் சண்டை ஞாபகத்துக்கு வந்தது. ஆர்தர் கிப்ளிங், ஹியூ கிங் என்ற இருவர் பிரிட்டிஷ் ராணுவத் தலையணிச் சின்னங்களுக்கு எண் போட்டுப் பட்டியலிட்ட நூல் ஒன்று உண்டு. இவர்கள் சின்னத்தைப் பேர் சொல்லி அழைப்பதைவிட அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். நூற்பா எண் சொல்லும் தொல்காப்பியப் புலவர்கள் மாதிரி.

இந்தத் துல்லியத்தை நான் கேலி செய்யவில்லை. நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் பலவற்றில் இதில் பாதிகூடக் கிடையாது. என் கேள்வி வேறு. பின்பக்கத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஏன் சில பின்பக்கங்கள் மட்டும் தெரிவதேயில்லை?

நீல் சிலையை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸுக்கு 'நீலத் தொப்பிக்காரர்கள்' என்று பட்டப்பெயர். 1857இல் அவர்களைக் காசிக்கும் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடத்திச் சென்றவர் ஜேம்ஸ் நீல். வழியெங்கும் தூக்குமரம். கான்பூரில் கைதிகளைத் தூக்கிலிடுவதற்கு முன்பு, வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் ரத்தக்கறையை அவர்களைக்கொண்டே துடைக்கவைத்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் செத்தார். மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது. 1927இல் திருநெல்வேலி சோமயாஜுலு போன்றவர்கள் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937இல் காங்கிரஸ் அரசு வந்தபிறகுதான் சிலை ரோட்டை விட்டு நகர்ந்தது. பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்தில் அடைக்கலமானது. சிலை போயிற்று. அதே நீலின் படை பின்னால் எந்தப் படையாக மாறியதோ அந்தப் படையின் சின்னம் இதோ என் நண்பரின் வீட்டில், வெல்வெட் துணிமேல் இருக்கிறது. நண்பர் காங்கிரஸ் குடும்பம். 'நீல் சத்தியாக்கிரகம் பற்றித் தெரியுமா' என்றேன். நன்றாகவே தெரிந்திருந்தது. "அது வேற, இது வேற சார்" என்றார்.

அது வேற, இது வேற. சேகரிப்பின் இலக்கணமே இந்த ஒரு வாக்கியம்தான் என்று தோன்றுகிறது. போத்ரியார் 1968இல் பொருள்களின் அமைப்பு பற்றி எழுதிய நூலில், சேகரிப்புக்குள் வந்துவிட்ட பொருள் தன் உபயோகத்தை இழந்து வரிசையில் ஒன்றாகிவிடுகிறது என்று வாதிடுகிறார். வாள் வெட்டாது, துப்பாக்கி சுடாது, ஒவ்வொன்றும் வரிசையில் அடுத்ததைத்தான் சுட்டும். சரிதான். ஆனால் அவர் கடிகாரத்தையும் பழைய நாற்காலியையும் மனதில் வைத்துப் பேசுகிறார். நாற்காலி உபயோகத்தை இழந்தால் உட்கார முடியாது, அவ்வளவுதான். வாள் உபயோகத்தை இழந்தால், வெட்டுப்பட்டவனும் சேர்ந்து காணாமல் போகிறான்.

வாள்களைப் பார்ப்போம். இலகு குதிரைப்படைக்கான 1796 மாதிரி வாளை வடிவமைத்ததில் ஜான் காஸ்பர் லெ மர்ச்சன்ட் என்ற அதிகாரிக்கு முக்கியப் பங்கு. வளைந்த, நுனிப்பக்கம் அகன்ற, வெட்டுவதற்கென்றே பிறந்த வாள். கீழை நாட்டு வளைவாள்களை அவர் மிகவும் மதித்தவர். 1831இல் ஜெனரல்களுக்கு வந்த வாளின் பிடியோ எகிப்திய மாம்லூக்குகளிடமிருந்து எடுத்தது. யானைத் தந்தப் பிடி. தோற்றவனின் வாளை ஜெயித்தவன் சடங்குக்கு அணிந்துகொள்கிறான். 1908இல் குதிரைப்படைச் சிப்பாய்க்கு வந்த கடைசி மாதிரி, குத்துவதற்கு மட்டுமேயான நேர்வாள், கைத்துப்பாக்கிப் பிடி போன்ற பிடி. வாள் வடிவமைப்பு அதன் உச்சத்தைத் தொட்டது இதில்தான் என்பவர்கள் உண்டு. ஆறே வருஷத்தில் இயந்திரத் துப்பாக்கி வந்து குதிரையையும் வாளையும் கேலிப்பொருளாக்கிவிட்டது. இந்த வரிசையில் என்னைக் கவர்ந்தது வடிவம் அல்ல, எண்.

லண்டனின் வில்கின்சன் நிறுவனம் 1850களின் நடுவிலிருந்து தான் செய்த அதிகாரிகளின் வாள்களில் வரிசை எண் பொறிக்க ஆரம்பித்தது. அதற்குப் பேரேடும் உண்டு. 2005இல் அந்த நிறுவனம் வாள் செய்வதையே நிறுத்திவிட்டது, பேரேடு பிழைத்திருக்கிறது. இன்று ஒரு வில்கின்சன் வாள் கையில் கிடைத்தால், அலகின் முதுகில் உள்ள எண்ணை வைத்து அதை வாங்கியவரின் பெயரைக் கண்டுபிடித்துவிட முடிகிற வாய்ப்பு அதிகம். பெயர் கிடைத்ததும் ராணுவப் பட்டியல்களைப் புரட்டலாம்: எந்தப் படைப்பிரிவு, எந்த யுத்தம், எங்கே காயம், எங்கே சாவு. விலை ஏறும். அதிகாரி தன் காசில் வாள் வாங்கியவன், ஆகவே அவனுக்குப் பெயர் இருக்கிறது. சிப்பாயின் ஆயுதம் அரசாங்கத்துடையது. அதில் இருப்பது படைப்பிரிவின் சுருக்கெழுத்தும், ஆயுத அலமாரியில் அது எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்கிற எண்ணும்தான். சொத்துடைமை வரலாற்றுக்குள் பெயராக எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விதிவிலக்கும் உண்டு, அது இன்னும் கசப்பானது. பிரிட்டிஷ் ராணுவப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் பெயரைப் பொறிப்பது வழக்கம். இந்தியாவில் நடந்த சில படையெடுப்புகளில் படைவீரர்களுக்கு வெள்ளிப் பதக்கமும், பின்னால் மூட்டை சுமந்து போன எடுபிடிகளுக்கு அதே பதக்கம் வெண்கலத்திலும் கொடுத்தார்கள். 1903-04 திபெத் படையெடுப்பின் வெண்கலப் பதக்கங்களில் சுமைதூக்கிகளின் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்கு முன்னால் படைவீரனுக்கு அவனது பதவி பொறிக்கப்படும் இடத்தில் இவர்களுக்கு 'கூலி' என்று பொறித்திருக்கிறது. நமக்குத் தெரிந்த அதே சொல், ஆங்கில எழுத்தில். இமயமலைப் பனியில் யாருடைய துப்பாக்கியையோ சுமந்தவனுக்கு அரசாங்கம் வட்டமான ஓர் உலோகத் துண்டில் அவனுடைய சாதியக் கூலித்தனத்தைச் செதுக்கித் தந்தது. அவன் பெயர் எங்காவது எழுதப்பட்ட ஒரே இடம் அந்த விளிம்பாகவும் இருக்கலாம். அந்தப் பதக்கத்தைக் காயலாங்கடைக்குப் போகாமல் காப்பாற்றி வைத்தவன் சேகரிப்பாளன்தான், வரலாற்றாசிரியன் அல்ல. இங்கே நான் இந்தச் சேகரிப்பாளர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

துப்பாக்கிக்கு வருவோம். 'பிரவுன் பெஸ்' என்று செல்லப்பெயர் பெற்ற சக்கிமுக்கித் துப்பாக்கியில் பல மாதிரிகள் இருந்தன. கம்பெனி தன் சிப்பாய்களுக்காகக் குழலைக் குறைத்து 39 அங்குலமாக்கி, வேலைப்பாடுகளைக் குறைத்து, மலிவாகச் செய்வித்த ஒன்று 'இந்தியா மாதிரி'. பிரான்சோடு யுத்தம் மூண்டு துப்பாக்கிப் பஞ்சம் வந்ததும் பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை அப்படியே வாங்கிக்கொண்டது. 1797இல் தன் படைக்கும் அதையே மாதிரியாக ஏற்றது. வாட்டர்லூவில் வெள்ளைக்காரச் சிப்பாய் ஏந்திய ஆயுதம் நம் ஊர்ச் சிப்பாய்க்காக யோசிக்கப்பட்ட மலிவுப் பதிப்பு. கம்பெனி முத்திரை நான்காகப் பிரித்த ஓர் இதய வடிவம். 1808க்குப் பிறகு அதற்குப் பதில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது. விசைப்பூட்டில் இதயம் இருந்தால் ஒரு விலை, சிங்கம் இருந்தால் இன்னொரு விலை.

1853 மாதிரி என்ஃபீல்டு எல்லோருக்கும் தெரிந்த கதை. கொழுப்புத் தடவிய தோட்டா, 1857. பாடப்புத்தகம் அங்கே நிறுத்திவிடும். அதற்கப்புறம் நடந்ததுதான் துப்பாக்கிக் குழலுக்குள் எழுதப்பட்ட அரசியல். என்ஃபீல்டின் பலமே குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளங்கள். குண்டைச் சுழற்றித் தொலைதூரம் குறிதவறாமல் அனுப்புவது அவைதான். கலகம் அடங்கியதும் சுதேசிப் படைகளுக்கென்றே தனி மாதிரிகளை 1858இலும் அடுத்த ஆண்டிலும் கொண்டுவந்தார்கள். வெளியே பார்த்தால் அச்சு அசல் என்ஃபீல்டு. குழலுக்குள் வரி கிடையாது, வழவழப்பு. அணிவகுப்பில் தோளோடு தோள் நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. சண்டை என்று வந்தால் வெள்ளைக்காரன் குண்டு போய்ச் சேரும் தூரத்துக்கு இவன் குண்டு போகாது. பின்னால் வெள்ளைப் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது சுதேசிகளுக்குப் பழைய ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனபோது இவர்களுக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். சேகரிப்பாளர் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து 'வரி இல்லை, 58' என்று சொல்லிவிடுவார். ஏன் இல்லை என்பது அட்டவணையில் அரைவரி.

இந்தத் துப்பாக்கிகள் சந்தைக்கு வரும் வழியும் கவனிக்கத் தக்கது. 2003இல் அமெரிக்காவின் இரண்டு பழம்பொருள் வியாபார நிறுவனங்கள் சேர்ந்து காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கான அரண்மனை ஒன்றிலிருந்த கையிருப்பை நேபாள ராணுவத்திடமிருந்து விலைக்கு வாங்கின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள்: பிரவுன் பெஸ், ஸ்னைடர், மார்ட்டினி, நேபாளத்திலேயே செய்த நகல்கள். நூறு வருஷத்துக்கும் மேலான தூசியோடு மலைபோல் குவிந்து கிடந்தவை. அமெரிக்கச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது பழம்பொருள், உரிமம் வேண்டாம். அதே 2003இல் நேபாளம் மாவோயிஸ்ட் மக்கள் யுத்தத்தின் நடுவில் இருந்தது. பழைய துப்பாக்கிகளை விற்ற ராணுவம் புதிய துப்பாக்கிகளால் தன் கிராமங்களில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பழம்பொருளுக்கும் ஆயுதத்துக்கும் நடுவே ஒரு தேதியைப் போட்டுச் சட்டம் கோடு கிழிக்கிறது. அமெரிக்காவில் 1898. பிரிட்டனில் 2021 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி 1939 செப்டம்பர் 1. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் தேதி சொல்வதில்லை. பழுது பார்த்தாலும் சுடமுடியாத பழையதாக இருந்தால் விலக்கு. அதாவது இங்கே செத்துப்போனது என்று நிரூபிக்கவேண்டும். தந்தப் பிடி போட்ட ஜெனரல் வாளுக்குப் பிரிட்டனில் இன்னொரு சட்டம்: 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தத் தடை. 1947க்கு முன் செய்யப்பட்டு, மொத்தப் பொருளில் தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பதிவு செய்து விற்கலாம். யானைக்கு நியாயம் செய்யச் சட்டம் வந்துவிட்டது, நல்லதுதான்.

ஆயுதம் சேகரிப்பதற்கும் ஆயுதத்தைப் பறிப்பதற்கும் உள்ள உறவுதான் இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம்: தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்படும், ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும். அந்த யுத்தத்தில் எதிர்த்தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830இல் அச்சான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். குருவைத் தூக்கில் போட்ட தரப்பின் சீடன். அந்த வளரி இன்று எங்கே இருக்கிறது? தெற்குச் சீமை வீடுகளில் சாமியறைகளில் சில, மிச்சம் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில்.

ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 1884இல் அமைந்தது. அந்தச் சேகரிப்பைக் கொடுத்த பிட் ரிவர்ஸ் ஒரு ராணுவ அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் ராணுவத்துக்குப் புதுத் துப்பாக்கிகளைச் சோதிக்கும் பணியிலும், அவற்றைச் சுடப் பயிற்சி கொடுக்கும் பணியிலும் இருந்தவர். துப்பாக்கி சின்னச் சின்ன மாற்றங்களாக ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்ததைப் பார்த்தவருக்கு, மனிதன் செய்த எல்லாப் பொருளையும் இப்படி வரிசைப்படுத்தலாமே என்று தோன்றியது. கவசம், கேடயம், தடி, வளைதடி. நம் வளரியும் ஆஸ்திரேலியப் பூமராங்கும் அவருடைய வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. வரிசையின் ஒரு முனையில் 'பூர்வீகன்', மறுமுனையில் என்ஃபீல்டு. மானிடவியலின் வகைப்பாட்டுமுறை ஒன்றுக்கு ஊற்று ஒரு துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் என்பது அந்தத் துறையினர் அறிந்த செய்திதான். நம்மூரில் பண்பாட்டு மானிடவியல் பேசுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான காட்சி தஞ்சாவூரில். நாயக்கர் காலம் முதல் சேர்ந்த ஆயுதங்கள் அரண்மனையில் குவிந்து கிடந்தன. 1855இல் வாரிசு இல்லையென்று அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1863 வாக்கில் அந்த ஆயுதங்களைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் குழுவொன்று பார்வையிட்டது. சிறந்தவை என்று பட்டவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியது. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். இதையெல்லாம் நேரில் பார்த்த வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் வருத்தத்தோடு எழுதினார். அதே 1878இல்தான் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. (இந்தியர்களிலும் விலக்குப் பெற்றவர்கள் இருந்தார்கள். குடகர்களுக்கு 1861இலிருந்து கிடைத்துவரும் விலக்கை 2019இல் மத்திய அரசு இன்னும் பத்து வருஷம் நீட்டித்தது. விசுவாசத்துக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பரிசு எழுபது வருஷக் குடியரசிலும் செல்லுபடியாகிறது.) ஒருவன் கையிலிருக்கும்வரை அது ஆயுதம், குற்றம், பறித்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் கலை, கண்ணாடிக்குள் இடம் போதவில்லையென்றால் கிலோக் கணக்கில் இரும்பு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'ஆகவே இது ஏகாதிபத்திய நோய்' என்று முடித்துவிடுவது சுலபம். தோழர்கள் சிலர் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். கோரேகாவ் குறுக்கே வருகிறது. 1818 ஜனவரி 1ஆம் தேதி பீமா நதிக்கரையில் பேஷ்வா படையோடு மோதிய கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். பீரங்கி இயக்கியவர்கள் மெட்ராஸ் பீரங்கிப்படையின் வெள்ளைக்காரர்கள். கம்பெனி நட்ட வெற்றித்தூணில் 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள் நிறைய. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போனார். 1941இல் மகர் படைப்பிரிவு அமைந்தபோது அதன் தொப்பிச் சின்னத்தில் அந்தத் தூண்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். பேஷ்வா காலத்துத் தீண்டாமையை முறியடித்த நாளாகத் தலித்துகள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். 2018இல் தாக்கப்பட்டார்கள். அந்தத் தூண் பொறித்த சின்னத்தை ஒரு மகர் குடும்பம் பெட்டியில் வைத்திருந்தால் அதைக் காலனிய மோகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே உலோகம், கையைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

மெட்ராஸ் படையிலும் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். சாப்பர்ஸ் படையில் குறிப்பாக. ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் தளபதியாக இருந்து, தென்னாட்டானுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்ற முடிவோடு வடக்கே போனார். பிறகு 'போர்ச் சாதிகள்' கோட்பாடு. மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது ஆளை மாற்றிப் பஞ்சாபிகளைப் போட்டார்கள். ஆளை மாற்றினார்களே தவிர, வெற்றிப்பட்டங்களை மாற்றவில்லை. 1759இல் மெட்ராஸில் எழுப்பிய சிப்பாய்ப் படையொன்று 62ஆவது பஞ்சாபிகளாகி, 1947இல் பாகிஸ்தானுக்குப் போய், இன்று அந்நாட்டுப் பஞ்சாப் படைப்பிரிவின் மூத்த பட்டாளமாக இருக்கிறது. கர்நாடக யுத்தங்களில் செத்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் பெருமை (பெருமைதான் என்றால்) அங்கே இருக்கிறது. ஆளில்லாமலும் சின்னம் வாழும்.

சின்னத்துக்காக ஆள் செத்ததும் நம் ஊரில்தான். 1805 நவம்பரில் தளபதி கிராடாக்கின் ஆணையில் வந்தது புதுத் தலைப்பாகை. முன்பக்கம் தோல் சின்னம் வைத்தது. கூடவே, சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை எல்லோருக்கும் ஒரே அளவு. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி 19ஆவது இலகு குதிரைப்படையோடு வந்து அடக்கினார். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்தது, சம்பளம், அவமானம் என்று காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். இருந்தாலும் தலையில் என்ன வைப்பது என்பதில்தான் தீ பற்றியது. நெற்றிக்குறி அவர்களுடைய சின்னம். தோல் சின்னம் கம்பெனியுடையது. ஒரு தலையில் இரண்டுக்கும் இடமில்லை. அந்த நெற்றிக்குறிக்குள்ளும் சாதி இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைத் தூய எதிர்ப்பாக வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சிலரைப் பீரங்கி வாயில் வைத்தார்கள், சிலரைச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். படைகளுக்கும் தண்டனை. 1ஆவது, 23ஆவது சுதேசிக் காலாட்படைப் பிரிவுகளின் எண்களையே படைப்பட்டியலிலிருந்து அடித்தார்கள். அந்த இடத்தில் 24, 25 என்று புதிய எண்களில் பிரிவுகள் வந்தன. பதினோரு வருஷம் கழித்து, 1817 நவம்பரில், நாகபுரிக்குப் பக்கத்தில் சீதாபல்தி குன்றில் 24ஆவது பிரிவின் சிப்பாய்கள் போன்ஸ்லே படையை எதிர்த்துக் கம்பெனிக்காக நின்றார்கள். சண்டை முடிந்தது. என்ன பரிசு வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அவர்கள் நிலம் கேட்கவில்லை. எங்கள் பழைய எண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். கம்பெனி கொடுத்தது. 24 மறுபடியும் 1 ஆயிற்று, பழைய சீருடை நிறமும் திரும்பக் கிடைத்தது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். வேலூரில் அடிபட்ட எண்ணை எதற்காக அவர்கள் திரும்பக் கேட்டிருப்பார்கள், கலகக்காரர்களின் ஞாபகத்துக்காகவா, கம்பெனியின் மன்னிப்புக்காகவா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ஒண்ணாம் நம்பர் பட்டன் ஒண்ணு கிடைச்சா நல்லாருக்கும் சார்" என்றார்.